கயிறு இழுத்தவர் கணக்கு

(தலித் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய கருத்தரங்கில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு வழக்கு பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



மரச் செப்புச் சாமான் பத்திப் பேசப்போறேன்னு சொன்னதும் ஒரு தோழர் சிரிச்சார். "சுடுகாட்டுக்குப் பாதை கேட்டு நாம நிக்கிறோம், நீங்க பொம்மை பத்திப் பேசப்போறீங்களா"ன்னு கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனா ஒன்று பாருங்க. நம்மை அடிக்க வருகிறவன் கம்போடு வருவான், அது கண்ணுக்குத் தெரியும். 'மரபு', 'பாரம்பரியம்', 'கைவினை' என்ற சொற்களோடு வருகிறவன் பூச்செண்டோடு வருவான். கையில் என்ன இருக்கிறது என்று பார்க்காமலே நாம் வாங்கிக் கொள்வோம். அந்தப் பூச்செண்டை இன்றைக்குக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம் என்றுதான் இந்தப் பேச்சு.

அம்பாசமுத்திரம் செப்பு எல்லாருக்கும் தெரியும். தாமிரபரணிக் கரை ஊர். அடுப்பு, குடம், அண்டா, கரண்டி, அம்மி, ஆட்டுக்கல், உரல், உலக்கை, திருகை, தம்ளர் என்று ஒரு அடுக்களை முழுவதையும் சுண்டுவிரல் உயரத்துக்குக் கடைந்து, அரக்கில் நிறமேற்றி, ஓலைப்பெட்டியில் அடுக்கிக் கொடுப்பார்கள். இதே வேலை கர்நாடகத்தில் சென்னபட்டணாவிலும், ஆந்திராவில் ஏட்டிகொப்பாக்காவிலும் நடக்கிறது. அங்கே நாம் வெட்பாலை என்று சொல்கிற மரம். வெளுப்பாக, மெதுவாக, உளிக்கு இணங்கிப் போகும். அம்பாசமுத்திரத்தில் மஞ்சள்கடம்பு பேர் போனது.

இந்தச் சாமான் எப்படி உருவாகிறது? மரத்தைத் துண்டாக அறுத்து, காயவைத்து, கடைசல் பட்டறையின் சுழலும் தண்டில் இறுக்குகிறார்கள். மரம் சுழலும், உளி அசையாமல் நிற்கும். சுழலுகிற மரத்தில் உளி பட்ட இடமெல்லாம் உருண்டு வரும். அதனால்தான் குடம், தம்ளர், உலக்கை மாதிரி உருண்ட பொருள்கள் கடைசலுக்கு ஏற்றவை. வடிவம் வந்த பிறகு, சுழன்றுகொண்டிருக்கும்போதே நிற அரக்குக் குச்சியை அதன் மேல் அழுத்துவார்கள். உராய்வில் பிறக்கும் சூட்டில் அரக்கு இளகி மரத்தில் ஒட்டிக்கொள்ளும். நெருப்பு வேண்டாம், தூரிகை வேண்டாம். பிறகு தாழை மடலை வைத்துத் தேய்த்தால் அரக்கு சீராகப் பரவி மினுங்கும். கடைசியாகக் கட்டையிலிருந்து அறுத்தெடுத்தால் ஒரு குடம். அடுத்து இன்னொரு குடம்.

இப்ப கேள்வி. மரம் சுழலுகிறது என்று சொன்னேன். சுழற்றுவது யார்?

இன்றைக்கு மின்மோட்டார். மோட்டார் வருவதற்கு முன்? கைக்கடைசலில் சுழலும் தண்டின் மேல் கயிற்றை இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு ஒரு ஆள் எதிரே உட்கார்ந்திருப்பார். வலது கை, இடது கை, வலது கை, இடது கை. காலையிலிருந்து பொழுது சாய்கிற வரை. இந்தப் பக்கம் இழுத்தால் மரம் உளியை நோக்கிச் சுற்றும், வெட்டு விழும். அந்தப் பக்கம் இழுத்தால் எதிர்த் திசையில் சுற்றும், வெட்டு விழாது, உளியை விலக்கிக் கொள்ள வேண்டும். அதாவது கயிறு இழுப்பவருடைய உழைப்பில் பாதிதான் வெட்டாக மாறும். மறுபாதி கயிற்றைத் திருப்பிக் கொண்டுவருவதற்கே போகும். உளி பிடித்தவர் கைக்கு நொடிக்கு நொடி ஓய்வு உண்டு. கயிறு பிடித்த கைக்கு அதுவும் இல்லை.

இன்னொரு கணக்கும் இருக்கு. ஆறு அங்குல விட்டமுள்ள ஒரு கட்டை ஒரு சுற்றுச் சுற்றினால் உளி முனையைக் கடந்து போகிற மரம் ஏறக்குறைய 19 அங்குலம். ஒரு அங்குல விட்டச் செப்புக்கு அதே ஒரு சுற்றில் கடப்பது மூன்று அங்குலம்தான். உளி ஒழுங்காக வெட்ட ஒரு வேகம் வேணும், வேகம் குறைந்தால் மரம் பிய்ந்து வரும். அப்படியென்றால் சின்னப் பொருளுக்கு ஆறு மடங்கு சுற்று வேண்டும். பொருள் சிறுசாகச் சிறுசாக, கயிற்றை இழுக்கிறவர் அவ்வளவு வேகமாக இழுக்க வேண்டும். "எவ்வளவு சின்னது, எவ்வளவு அழகு"ன்னு நாம வியந்து கையில் எடுக்கிறோமே, அந்தச் சின்னதற்குப் பின்னால் இருந்த தோள்வலி பெரியது.

உளி பிடித்தவருக்குக் கடைசல்காரர் என்று பெயர். ஆசாரி என்பார்கள், கைவினைஞர் என்பார்கள், கலைஞர் என்றும் சொல்வார்கள். கயிறு இழுத்தவருக்கு என்ன பெயர்? 'ஆள்'. "கூட ஒரு ஆள் இருக்கான்." அவ்வளவுதான். பண்ணையாள், படியாள், கூலியாள் என்று நம் பாட்டன் முப்பாட்டனைக் கூப்பிட்ட அதே 'ஆள்'. தொழிலுக்கு ஒரு பெயர் இருந்தால் அதற்கு ஒரு மதிப்பு வரும், கூலி பேச ஒரு பிடி கிடைக்கும். 'ஆள்' என்று மட்டும் சொல்லிவிட்டால் யாரையும் உட்காரவைக்கலாம். மனைவியை உட்காரவைக்கலாம், பையனை உட்காரவைக்கலாம், தெருவில் போகிறவனைக் கூப்பிட்டு உட்காரவைக்கலாம்.

இது நம்ம ஊர்க் கதை மட்டும் இல்ல. எகிப்தில் பெட்டோசிரிஸ் என்கிற மதகுருவின் கல்லறைச் சுவரில், கி.மு. 300 அளவில் செதுக்கிய ஒரு காட்சி இருக்கிறது. கடைசல் எந்திரத்துக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய சித்திரங்களில் அது ஒன்று. அதில் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவர் உளி பிடிக்கிறார், ஒருவர் வாரை இழுக்கிறார். கல்லில் செதுக்கியவன் இரண்டு பேரையும் செதுக்கினான். எழுத்தில் வரலாறு எழுதியவர்கள்தான் ஒருவரை விட்டுவிட்டார்கள்.

நம் மொழியில் கடைதல் என்ற சொல்லையே எடுத்துக்குங்க. மரத்தையும் கடைகிறோம், மோரையும் கடைகிறோம். மத்தும் கயிறும் இருந்தால் கடைசல். பார்க்கடலைக் கடைந்த கதையைச் சின்ன வயசிலேயே நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். மந்தர மலை மத்து, வாசுகி கயிறு. இழுத்தது இரண்டு தரப்பு. அசுரர்களுக்குக் கிடைத்தது பாம்பின் தலைப்பக்கம், விஷமூச்சு வருகிற பக்கம். முழு நேரமும் சரிபாதி இழுத்தார்கள். அமிர்தம் வந்ததும் என்ன ஆச்சு? மோகினி வந்து பந்தி பரிமாறினாள். அசுரர் வரிசைக்கு ஒரு சொட்டு இல்லை. ஒருத்தன் வரிசை மாறி உட்கார்ந்தான், தலை போச்சு. இதைப் பக்திக் கதை என்கிறார்கள். நான் இதைக் கூலிக் கணக்கு என்கிறேன். வேலைக்கு எல்லாரும், விளைச்சலுக்குச் சிலர். அதை ஏமாற்று என்று சொல்லாமல் லீலை என்று சொல்லிவைத்த தந்திரத்துக்குப் பெயர்தான் பார்ப்பனியம்.

கயிறோடு இது முடியல. அரக்கு எங்கிருந்து வருது? புரசு, இலந்தை மாதிரி மரக்கிளைகளில் ஒட்டி வாழும் ஒரு சிறு பூச்சி சுரக்கிறது. இந்தியாவில் மிகுதியாகக் கிடைப்பது ஜார்க்கண்டில், அடுத்து சத்தீஸ்கரில். கிளை வெட்டி, சுரண்டி, சந்தைக்குக் கொண்டுவருகிறவர்களில் பெரும்பாலோர் ஆதிவாசிகள். ஒரு செப்புக் குடத்தின் சிவப்பில் அவர்கள் கை இருக்கிறது. பொம்மைப் பெட்டியின் மேல் அவர்கள் பெயர் இருக்கிறதா? பட்டறையில் மெருகேற்றுவது, கோடு போடுவது, ஒட்டுவது, அடுக்குவது என்று பெண்கள் செய்யும் வேலை எவ்வளவோ. அதற்கு 'ஒத்தாசை' என்று பெயர். ஒத்தாசைக்குக் கூலி கிடையாது.

வரலாறு எப்படி எழுதப்படுகிறது என்று பாருங்க. சென்னபட்டணா பொம்மை என்றால் திப்பு சுல்தான் பாரசீகத்திலிருந்து கைவினைஞர்களை வரவழைத்த கதையை எல்லாரும் சொல்வார்கள். மன்னர் பெயர் இருக்கிறது, ஊர் பெயர் இருக்கிறது. இப்போது புவிசார் குறியீடு வந்திருக்கிறது. ஏட்டிகொப்பாக்காவுக்கு 2017இல் கிடைத்தது. அதை நான் எதிர்க்கவில்லை, போலிச் சரக்கிலிருந்து அது ஒரு பாதுகாப்பு. ஆனால் குறியீடு ஊருக்கும் சரக்குக்கும் கிடைக்கிறது. அந்தப் பட்டறையில் நாள் கூலிக்கு நிற்கிறவரின் கூலி குறியீடு கிடைத்ததால் ஏறும் என்று எந்தச் சட்டத்திலும் எழுதியிருக்கவில்லை.

சரி, அந்த ஓலைப்பெட்டிக்குள் என்ன இருக்கிறது? ஒரு அடுக்களை. அது யார் வீட்டு அடுக்களை? திருகை, ஆட்டுக்கல், அண்டா எல்லாம் இருக்கிற, நெல் வந்து இறங்குகிற வீட்டு அடுக்களை. அதைப் பெண்குழந்தை கையில்தான் கொடுப்பார்கள், ஆண்குழந்தைக்குப் பம்பரம். வீட்டில் யார் எதைத் தொட வேண்டும் என்பதை மூன்று வயதில் விளையாட்டாகச் சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். பெட்டியில் ஒரு தம்ளரும் இருக்கும். பொம்மைத் தம்ளர் எல்லாம் ஒரே மாதிரி, ஒரே அரக்கு. நம்ம ஊர் டீக்கடையில் தம்ளர் இரண்டு மாதிரி இருந்தது, கண்ணாடி ஒருவருக்கு, சிரட்டையோ அலுமினியமோ இன்னொருவருக்கு. அந்த வித்தியாசத்தைக் கடையக் கடைசல் தேவைப்படவில்லை, சாதியே கடைந்து கொடுத்துவிட்டது. நம் தெருப் பிள்ளைகள் கொட்டாங்குச்சியில் மண்சோறு ஆக்கி விளையாடிய பிள்ளைகள். செப்புச் சாமானை வாங்கும் தெருவாக நம் தெரு எப்போதும் இருந்ததில்லை.

இப்ப இந்த விசயம் எங்க வந்து நிக்குதுன்னு சொல்றேன். நான் வங்கியில் எழுத்தர். விண்ணப்பப் படிவங்களுக்கு நடுவில்தான் என் பகல் போகிறது. படிவத்தில் இருக்கிற கட்டங்களுக்கும் ஒரு அரசியல் உண்டு.

2023 செப்டம்பர் 17 அன்று பிரதமர் விஸ்வகர்மா திட்டத்தைத் தொடங்கினார்கள். அது விஸ்வகர்மா ஜெயந்தி என்றார்கள். அதே நாள் பெரியார் பிறந்த நாள் என்பது நமக்குத் தெரியும். திட்ட ஒதுக்கீடு 13,000 கோடி ரூபாய். 18 தொழில்கள். தச்சர், கொல்லர், குயவர், செருப்புத் தைப்பவர், முடிதிருத்துபவர், துணி வெளுப்பவர், துடைப்பம் கட்டுபவர், அதோடு பொம்மை செய்பவர். பயிற்சிக் காலத்தில் நாளுக்கு 500 ரூபாய், கருவி வாங்க 15,000 ரூபாய், முதல் தவணையாக ஒரு லட்சமும் அடுத்து இரண்டு லட்சமும் 5 சதவீத வட்டியில் கடன். காசைப் பார்த்தால் நல்லாத்தான் இருக்கு. விதியைப் படிங்க.

ஒன்று, அவை 'குடும்பம் சார்ந்த பாரம்பரியத் தொழில்கள்' என்றே வரையறுக்கப்பட்டுள்ளன. இரண்டு, 18 வயது ஆனால் போதும். கல்லூரிக்குப் போக வேண்டிய வயது அது. மூன்று, சுயதொழிலாகச் செய்பவராக இருக்க வேண்டும். பட்டறையில் கூலிக்குக் கடைபவர் அதில் வரமாட்டார். நான்கு, ஒரு குடும்பத்துக்கு ஒருவர்தான். குடும்பம் என்றால் கணவன், மனைவி, மணமாகாத பிள்ளைகள். புரியுதா தோழர்களே? உளி பிடித்த கணவன் பதிவு செய்துவிட்டால் எதிரே உட்கார்ந்து கயிறு இழுத்தவள், இன்றைக்கு மெருகு போடுகிறவள், பதிவு செய்ய முடியாது. தொழில் குடும்பத் தொழிலாம், ஆனால் தொழிலாளி ஒருவர்தானாம். உழைப்பைக் குடும்பத்திலிருந்து எடுத்துக்கொண்டு அங்கீகாரத்தை ஒருவருக்குக் கொடுக்கிறது. பழைய கயிற்றுக் கணக்கைப் புதுப் படிவத்தில் எழுதியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இன்னொன்றும் கேட்கிறேன். சென்னபட்டணா கடைசல் பட்டறைகளில் முஸ்லிம்கள் பெருமளவில் இருக்கிறார்கள். அரக்கு ஆதிவாசிகளிடமிருந்து வருகிறது. இத்தனை பேர் கை பட்ட தொழிலுக்கு ஒரு இந்துக் கடவுளின் பெயரை வைப்பானேன்? தொழிலைத் தெய்வத்தோடு கட்டிவிட்டால், தொழிலை விட்டு வெளியேறுவது தெய்வ குற்றம் மாதிரி ஆகிவிடும். அதற்காகத்தான்.

இந்தப் பாதையில் நாம் ஏற்கெனவே நடந்திருக்கிறோம். 1953இல் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டப்படி கிராமத்துப் பிள்ளைக்குப் பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில். குலக்கல்வி என்று அதற்குச் சரியான பெயரை வைத்துத் தமிழ்நாடு எதிர்த்தது. 1954இல் காமராசர் ஆட்சிக்கு வந்ததும் அது கைவிடப்பட்டது. ஆனால் அந்த எண்ணம் சாகவில்லை. 2016இல் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் திருத்தினார்கள். பள்ளி நேரம் போக, விடுமுறையில், குடும்பத் தொழிலுக்குப் பிள்ளை உதவலாம் என்று ஒரு வாசலைத் திறந்து வைத்தார்கள். உதவி, ஒத்தாசை! கயிறு இழுக்க உட்கார்ந்த பையனுக்கும் அதே சொல்தான் சொன்னார்கள்.

விஸ்வகர்மா திட்டத்தை அதே வடிவில் ஏற்கமாட்டோம் என்று தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் ஒன்றிய அரசுக்கு எழுதியது. 2025 ஏப்ரலில் கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தொடங்கியது. 25 தொழில்கள், குடும்பத் தொழிலாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை, குறைந்த வயது 35. பிறப்பைப் படிவத்திலிருந்து நீக்கியது சரியான செயல், அதை மனம்விட்டுச் சொல்லலாம். ஆனாலும் கடன் என்பது கூலி ஆகாது. கடன் வாங்கப் பட்டறை வேண்டும், பட்டறைக்கு இடம் வேண்டும், இடத்துக்குப் பட்டா வேண்டும். இது மூன்றும் இல்லாத கூலியாளுக்குக் கடன் திட்டத்தில் எந்தக் கட்டம்? அந்தக் கேள்வி எந்த ஆட்சியிடமும் கேட்க வேண்டிய கேள்வி.

இப்போது எந்திரத்துக்கு வருவோம். "மோட்டார் வந்து கைவினையைக் கெடுத்துவிட்டது, கையால் இழுத்துக் கடைந்த காலத்து நயமே வேறு" என்று சிலர் உருகுவார்கள். உருகுகிற யாரும் கயிறு இழுத்தவர்கள் இல்லை. எந்திரம் குறித்த காந்தியின் பார்வையை அண்ணல் அம்பேத்கர் 1945இல் எழுதிய நூலில் கடுமையாக மறுத்தார். மனிதனுக்கு ஓய்வு வேண்டும், ஓய்வு இருந்தால்தான் சிந்தனையும் பண்பாடும், உழைக்கிற பெருந்திரளுக்கு அந்த ஓய்வை எந்திரம்தான் தர முடியும் என்பது அவர் வாதம். கடைசல் பட்டறைக்கு அதைப் பொருத்திப் பாருங்க. ஒரு சிறு மோட்டார் ஒரு மனிதனின் தோளை விடுவித்தது. உளி ஒரே திசையில் தொடர்ந்து வெட்டியது, பாதி உழைப்பு வீணாவதும் நின்றது. இது விடுதலைதான், சந்தேகமே வேண்டாம். ஆனால் விடுவிக்கப்பட்டவர் எங்கே போனார்? மோட்டார் யார் பெயரில் இருக்கிறது? தோளுக்கு ஓய்வு கொடுத்த எந்திரம் வயிற்றுக்கும் ஓய்வு கொடுத்துவிட்டால் அதை விடுதலை என்று சொல்லிக் கைதட்ட முடியாது. எந்திரம் தப்பில்லை, தனியுடைமையைப் புனிதமாக்கி வைத்த சமூக அமைப்புதான் தப்பு என்று அண்ணல் சொன்னதும் அதே இடத்தில்தான்.

மோட்டார் புதுசா ஒன்றையும் கொண்டுவந்திருக்கு, தூசி. வேகம் கூடினால் தூள் பொடியாகப் பறக்கும், மூக்கில் போய் உட்காரும். மரத்தூசி மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995லேயே வகைப்படுத்திவிட்டது. கலைப்பொருள் கண்காட்சியில் இந்தத் தகவலை யாரும் ஒட்டிவைப்பதில்லை.

நம் தரப்பில் இதற்கு ஒரு மாற்று மரபு உண்டு. அண்ணல் 1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் உறுப்பினராக இருந்தார். தொழில்நுட்பப் பயிற்சித் திட்டம் அவர் துறையின் கீழ் நடந்தது. 1950இல் தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின் கீழ்தான் இன்றைய ஐடிஐகள் நடக்கின்றன. அங்கே 'டர்னர்' என்று ஒரு பிரிவு இருக்கு, இரண்டு வருசம். அதுவும் கடைசல்தான், மரத்துக்குப் பதில் இரும்பு. அப்பன் கடைந்தானா என்று அங்கே கேட்பதில்லை, பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணைக் கேட்கிறார்கள். இடஒதுக்கீடு இருக்கிறது. நம் தெருப் பையன் லேத்துக்கு முன்னால் உளி பிடித்து நின்றது அந்த வாசல் வழியாகத்தான், விஸ்வகர்மா வாசல் வழியாக இல்லை. ஒரே எந்திரம்தான். ஒரு பக்கம் பிறப்புச் சான்று கேட்கிறது, இன்னொரு பக்கம் படிப்புச் சான்று கேட்கிறது. சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமில்லை, வேலை செய்கிறவர்களையே பிரித்து அடுக்குவது என்று அண்ணல் 1936லேயே சொன்னாரே, அதைப் புரிந்துகொள்ள இந்த இரண்டு வாசலையும் பார்த்தாலே போதும்.

ஆகவே நாம் கைவினையை வெறுக்க வேண்டியதில்லை. செப்பு அழகாக இருக்கிறது, குழந்தை கையில் எடுத்துச் சிரிக்கிறது, அந்தச் சிரிப்போடு நமக்குச் சண்டை கிடையாது. நான் கவிதை எழுதுகிறவன், ஒரு வடிவம் கைக்குள் அடங்கி நிற்பதன் இன்பம் எனக்கும் தெரியும். தலித் அழகியல் என்று நாம் பேசுகிறோமே, அது அழகை மறுப்பது இல்லை. அழகுக்குப் பின்னால் எத்தனை கை என்று எண்ணிப் பார்ப்பது, எண்ணிக்கை சரியாக வரும்வரை விடாமல் கேட்பது.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை சொல்லி முடிக்கிறேன். உங்க ஊரில், பக்கத்து ஊரில், ஏதாவது ஒரு பட்டறைக்குப் போங்க. மரக்கடைசலோ, மண்பாண்டமோ, பாயோ, கூடையோ. உரிமையாளரிடம் பேசிவிட்டுத் திரும்பி வந்துவிடாதீங்க. அங்கே எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், அவர்கள் பெயர் என்ன, நாள் கூலி எவ்வளவு, பெண்ணுக்கு எவ்வளவு, மூக்குக்குத் துணியாவது கட்டுகிறார்களா, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்களா என்று நோட்டில் எழுதுங்க. மோட்டார் வருவதற்கு முன் கயிறு இழுத்தவர்கள் இன்னும் சிலர் உயிரோடு இருப்பார்கள், தேடிப்பிடித்துக் கேளுங்க. பெயரை முழுசா எழுதுங்க. 'ஆள்' என்று எழுதாதீங்க.

அந்தக் குறிப்புகளை வைத்துக்கொண்டு மூன்று விசயம் கேட்போம். எந்தத் திட்டத்திலும் ஒரு குடும்பத்துக்கு ஒருவர் என்ற விதி வேண்டாம், உழைக்கிற ஒவ்வொருவரும் தனித் தொழிலாளியாகப் பதிவாக வேண்டும். கூலிக்கு நிற்பவருக்குக் குறைந்தபட்சக் கூலியும் மருத்துவப் பாதுகாப்பும் வேண்டும். விரும்புகிற எந்தச் சாதிப் பிள்ளைக்கும் எந்தத் தொழிலும் பள்ளிப்படிப்பு முடிந்த பிறகு திறந்திருக்க வேண்டும், விரும்பாத பிள்ளைக்கு அப்பன் தொழிலிலிருந்து வெளியே போகும் கதவும் திறந்திருக்க வேண்டும்.

கயிற்றை விட்டுவிட்டு எழுந்து வந்தவர்களின் பிள்ளைகள் நாம். உளியும் நமக்கு வேண்டும், மோட்டாரும் வேண்டும், இரண்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போகிற உரிமையும் வேண்டும்.

ஜெய் பீம்.